துணைக்கு உட்கார்ந்த நிழல்

காசு வாங்கிக்கொண்டு விளையாடுகிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். விளையாடாமல் சும்மா இருப்பதற்குக் காசு தருகிறேன் என்று ஒருவன் வந்து நிற்பான் என அமலோற்பவம் மேடம் கனவிலும் நினைத்ததில்லை. வந்தான். சிகர லீக் கபடியை நடத்தும் பெருந்திரை டி.வி. கம்பெனியின் ஆள். அதுவும் பூங்கொத்து, முந்திரி கேக் சகிதமாக வந்து, சிரித்துப் பேசி, முதல்வரிடம் ஒப்பந்தத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"உட்காருங்க. கேக் எடுத்துக்கோங்க," என்றார் முதல்வர் சிஸ்டர் பெர்னதெத்.

மேடம் கேக்கைத் தொடவில்லை. கடல்விளக்கு மகளிர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் அவர். தலை பாதி நரைத்த பிறகும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாத ஆள். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிகிற இடத்தில் கிடந்த அந்தக் கல்லூரியை, பெண்கள் கபடி என்றால் முதலில் சொல்லும் பெயராக ஆக்கியவர். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு வைத்து, இனிமேல் ஆட வேண்டாம் என்று சொன்னால் கேக் எப்படி இறங்கும்?

"சிகர லீக்ல நாலு காலேஜ் மட்டும்தான் இனிமே நேர்ல விளையாடும்," என்றார் சிஸ்டர். "மிச்சம் எல்லாரையும் நிழல் பிரிவுக்கு மாத்துறாங்க. நாம அந்த மிச்சத்துல வர்றோம்."

"நிழல்னா, மழை நாள்ல மேட்ச் இல்லாதப்ப போடுவாங்களே, அதா?"

"அதேதான். நம்ம பிள்ளைங்க முகம், நம்ம ஜெர்சி, நம்ம பேரு. ஆடுறது மட்டும் மெஷின். நெச ஆட்டத்தைவிட ஜனங்க அதைத்தான் விரும்பிப் பார்க்கிறாங்களாம். மெஷினுக்குக் களைப்பு வராது, பரீட்சை வராது, பஸ் பஞ்சர் ஆகாது. தினம் ஒரு ஃபைனல் போடலாம். பணம் இப்ப வர்றதைவிடக் கூடவே வரும்."

"அப்ப நம்ம பிள்ளைங்க என்ன செய்யணுமாம்?"

"படிக்கட்டும். பிராக்டிஸ் பண்ணட்டும், உடம்புக்கு நல்லதுதானே? ஆனா வெளியில எந்த டீம்கூடயும் மேட்ச் ஆடக் கூடாது. கேமரா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. அது மட்டும் கண்டிஷன்."

"அது ஏன் சிஸ்டர்?"

"நிழல்ல ஜெயிச்ச டீம் நெசத்துல எங்கயாவது தோத்துப்போச்சுன்னா, பார்க்கிறவன் அப்புறம் நிழலை நம்புவானா?"

சிஸ்டர் கெட்டவர் இல்லை. விடுதியில் பாதிப் பிள்ளைகள் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்களின் மக்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் மக்கள். ஒளிபரப்புப் பணம் வரத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்கு விடுதிக் கட்டணம் இல்லை என்றானது. "எனக்கு மட்டும் ஆசையா அமலோற்பவம்? இந்தப் பணம் நின்னா நான் யாரை வெளியே அனுப்புறது, சொல்லுங்க," என்றார். "திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும். விளையாட்டுத் துறை சார்பா நீங்க போட்டாத்தான் செல்லுமாம். யோசிச்சுக்கோங்க."

மேடம் எழுந்து வெளியே வந்தார். யாரை நொந்துகொள்வது? இந்த வம்பை விலைக்கு வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்ததே அவர்தான்.

முன்னே தென்கரை மண்டலம் என்று ஒன்று இருந்தது. கடலோரத்துக் கல்லூரிகளும் கரிசல் காட்டுக் கல்லூரிகளும் சேர்ந்து ஆடுகிற கபடிப் போட்டி. மண் தரை, சுண்ணாம்புக் கோடு, பொட்டலத்தில் எலுமிச்சைச் சோறு. கோப்பை என்று கொடுப்பது ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா. ஜெயித்தவர்கள் அன்றைக்கே அதில் பிரியாணி போட்டுத் தோற்றவர்களுக்கும் சேர்த்துப் பரிமாறுவார்கள். கடல்விளக்கும் ஊத்துப்பட்டிக் கல்லூரியும் மோதுகிற இறுதி ஆட்டம் என்றால் ஊத்துப்பட்டிக் கடைத்தெருவில் சாயங்காலம் ஒரு ஈ காக்கை இருக்காது.

அப்போதுதான் பெருந்திரை கம்பெனி சிகர லீக்கைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க நல்ல டீம்களாகப் பொறுக்கியது. வருகிறவர்கள் பழைய மண்டலத்தை விட்டுவிட வேண்டும் என்றது. மேடம் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. மேட் தரை, ஏசி பஸ், பிசியோதெரபிஸ்ட்! செருப்பில்லாமல் வந்து கபடி கற்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அன்றைக்கு ஊத்துப்பட்டி கேப்டன் மாரிக்கனி, இரண்டு பஸ் மாறி வந்து இவரைப் பார்த்தாள். "யக்கா, நீங்க போயிட்டா நாங்க யாருகூட விளையாட?" என்றாள்.

"நீங்களும் வளந்து மேல வாங்கட்டி," என்று சொல்லி அனுப்பினார் மேடம். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். கடல்விளக்கு போனதும் கூட்டம் போனது. கூட்டம் போனதும் ஒவ்வொரு கல்லூரியாகக் கபடியைக் கைவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக மண்டலமும் ஒரு வருடம் நடக்காமலே நின்றுபோனது. ஏன் நடக்கவில்லை என்று கேட்கக்கூட ஆளில்லை.

சிஸ்டரிடம் பேசிய மறுநாள் பெருந்திரையிலிருந்து நவநீதன் என்று ஒரு எஞ்சினியர் வந்தான். சென்னைக்காரன், மரியாதையான பையன். நிழல் ஆட்டத்தை உண்டாக்குகிற குழுவில் இருப்பவன்.

"ஒப்பந்தம் பத்தி இல்ல மேடம். எங்களுக்கு ஒரு கோளாறு. உங்க டீம்ல மட்டும் வருது. நீங்கதான் உதவணும்," என்று கையிலிருந்த திரையை விரித்தான்.

ஒரு நிழல் ஆட்டம் ஓடியது. கடல்விளக்குக்கும் கொங்குப் பக்கத்து டீம் ஒன்றுக்கும். பார்த்தால் நிழல் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. வியர்வை வழிகிறது, தலைமுடி நெற்றியில் ஒட்டுகிறது. இப்போதைய கேப்டன் ஜெசிந்தாவின் நிழல் எதிர் டீம் பெண்ணின் கணுக்காலைப் பிடிக்க, அந்தப் பெண் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"விழுறதையும் நீங்களே வைக்கீங்களா?"

"ஆமா மேடம். யாருமே அடிபடலைன்னா ஆட்டம் பொய்யாத் தெரியுது. இப்பப் பாருங்க."

அடிபட்டவளைத் தூக்கிப்போய் ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த டீமில் மாற்று ஆள் தீர்ந்துபோயிருந்தது. ஆறு பேராக நின்றார்கள். அப்போது ஜெசிந்தாவின் நிழல், யாரும் சொல்லாமல், தானாகக் கோட்டைத் தாண்டி வெளியே நடந்தது. அடிபட்டவள் இருந்த அதே பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் ஆறாறு பேராக ஆட்டம் தொடர்ந்தது. வர்ணனை செய்கிறவன் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

"இப்படி ஒரு தடவை இல்ல, பல தடவை ஆயிடுச்சு," என்றான் நவநீதன். "விதிப் புத்தகம் முழுக்கத் தேடிட்டோம். அப்படி ஒரு விதியே கிடையாது. பார்க்கிறவங்க மேட்ச் ஃபிக்சிங்னு திட்டுறாங்க. எதைப் பார்த்து இதை மெஷின் கத்துக்கிச்சுன்னு எங்களுக்குப் புரியலை. மேடம்... மேடம், ஏன் அழறீங்க?"

"அழலை தம்பி. கண்ணு கரிக்குது." மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "அதுக்குப் பேரு துணைக்கு உக்கார்றது."

"என்னது?"

"எங்க மண்டலத்து வழக்கம். எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது. அப்பல்லாம் ஏழு பிள்ளைய சேர்க்கிறதே பெரும்பாடு. மாத்தாளுக்கு எங்க போக? அவுட்டானவ பெறவு உள்ள வந்திருவா, அடிபட்டவ வர முடியாது; அந்த டீம் கடைசி வரைக்கும் ஆறு பேராத்தான் நிக்கும். நொண்டிக் கோழியை விரட்டிப் பிடிச்சு ஜெயிச்சோம்னு ஊருக்குள்ள சொல்லிக்க முடியுமா? அதனால இந்தப் பக்கமும் ஒருத்தி வெளிய வந்திருவா. சும்மா வர மாட்டா. அடிபட்டவ பக்கத்துலயே போயி உக்காருவா. அவளுக்குக் காலு அமுக்கி விடுவா, தண்ணி குடுப்பா, ரெண்டு பேருமா உக்காந்து ஆட்டத்தைப் பாப்பாளுக."

"யார் வெளிய வரணும்னு எப்படி முடிவாகும்?"

"யாரு பிடிச்சு அடிபட்டுச்சோ அவ. தன்னால விழுந்தான்னா கேப்டன்."

"நடிச்சா?"

"நடிக்கிறவ நடுவரைப் பார்த்துக்கிட்டே விழுவா தம்பி. நெசமா வலிக்கிறவளுக்கு வலிக்கிற இடத்தைத் தவிர வேற எங்கயும் கண்ணு போகாது."

நவநீதன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசி ரெய்டின் போது அடிபட்டால்? அடிபட்டவள் திரும்பி வந்தால்? மேடத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுந்து நின்று நடித்தே காட்டினார். எத்தனை வருடம் கழித்து ஒருவன் இதைக் கேட்கிறான்!

"இது எப்படி மெஷினுக்குப் போச்சு?" என்றான்.

"நான் குடுத்ததுதான். நிழல் செய்யணும், லீக் ஆட்டம் மட்டும் பத்தாது, பழைய படம் இருக்கான்னு உங்க ஆளுங்க கேட்டாங்க. மண்டல ஆட்டம் அத்தனையையும் செல்போன்ல பிடிச்சு வச்சிருந்தேன். ஒரு பிரதிகூட எடுத்து வைக்காம மெமரி கார்டை எல்லாம் அப்படியே அள்ளிக் குடுத்துட்டேன்."

"லீக்ல இதை யாருமே பண்ணலையா?"

மேடத்தின் குரல் இறங்கியது. "முதல் ஆட்டத்துல எஸ்தர்ராணின்னு ஒரு பிள்ள வெளிய வந்து உக்காந்தா. கம்பெனில இருந்து போன் வந்துட்டு. 'ஏட்டி, எந்திரிச்சு உள்ள போட்டி, டி.வி. ஓடுது'ன்னு நான் கத்துன கத்துல அவ பதறிப்போயி ஓடினா. அதோட சரி. பெறவு ஒருத்தியும் உக்காரலை."

நவநீதன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டான். பல தடவை நன்றி சொன்னான். மேடம் அவன் கையில் ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்து வழியனுப்பினார். அன்றைக்கு முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. நாம் விட்டுவிட்டதை ஒரு மெஷின் பிடித்து வைத்திருக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷம். எதற்காக அவன் கேட்டான் என்பதை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். ஒட்டி உலர்ந்த உடம்பு, பேச்சில் வெடி. அவளுக்கு இது கடைசி வருடம்.

"எங்களை நிறுத்தப் போறாங்களாமே மேடம்?"

"யாருட்டி சொன்னா?"

"ஹாஸ்டலே சொல்லுது. என் நிழலு ஆடிச் சம்பாதிக்கும், நான் உக்காந்து பாக்கணுமாம். அது என்னைவிட நல்லா ஆடுதுன்னாகூடப் பரவாயில்ல. அதுக்குக் கிறுக்குல்லா பிடிச்சிருக்கு! அடிபட்டவ பக்கத்துல போயி உக்காந்துக்கிடுது. என்னைத்தான் எல்லாரும் கேலி பண்ணுதாளுக." அவள் மேடத்தின் கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு மேட்ச் மேடம். நெசமா மூச்சு வாங்குத மாதிரி ஒண்ணு. அதுக்குப் பெறவு என்னமும் செய்யுங்க."

அது கிறுக்கு இல்லட்டி என்று சொல்ல மேடம் வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். இவள் அதே கடல்விளக்குப் பிள்ளைதானே? பார்த்துப் பார்த்தே ஒரு மெஷினுக்கு வந்த குணம், இவளுக்குத் தன்னால் வராமலா போய்விடும்? லீக் வெளிச்சத்தில் மறைந்து கிடக்கிறது, மண்ணில் இறங்கினால் வந்துவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையிலேயே ஒரு முடிவும் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊத்துப்பட்டியோடு ஒரு ஆட்டம். பிள்ளைகள் பழைய கடல்விளக்காக ஆடிவிட்டால், திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டு கல்லூரியாவது சேர்ந்து மண்டலத்தை மறுபடி தொடங்குவது. விடுதிப் பணத்துக்கு ஊர் ஊராகப் போய்க் கையேந்தினாலும் சரி.

மாரிக்கனி இப்போது ஊத்துப்பட்டியிலேயே உடற்கல்வி இயக்குநர். ஞாயிற்றுக்கிழமை ஆட வரலாமா என்று மேடம் போனில் கேட்டார். "வாங்கக்கா," என்றாள். "எங்ககிட்ட மேட் கிடையாது. ஏழு பிள்ளைதான் இருக்கு. விளையாட ஆளில்லாம எங்களுக்குள்ளயே ஆடிக்கிட்டுக் கிடக்கோம். நீங்க வாறீகன்னா அதுகளுக்குத் திருவிழாதான்."

ஞாயிற்றுக்கிழமை கடல்விளக்கின் ஏசி பஸ் ஊத்துப்பட்டிக் கரிசல் புழுதியில் போய் நின்றது. மாரிக்கனி ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் என்று பெரிதாக இல்லை. டீக்கடைக்காரர் பெஞ்சு கொண்டுவந்து போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவரில் ஏறி உட்கார்ந்தன.

ஆட்டம் சூடு பிடித்தது. மேட் தரையில் ஆடிப் பழகிய கடல்விளக்குப் பிள்ளைகள் மண்ணில் முதலில் சறுக்கினார்கள், பிறகு சுதாரித்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் கை இரண்டையும் தூக்கி, கைப்பட்டையில் இருக்கிற விளம்பரம் தெரிய ஒரு பக்கமாகத் திரும்பி நின்று சிரித்தார்கள். லீக்கில் கேமரா நிற்கிற பக்கம் அது. இங்கே அந்தப் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. சுவரில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மேடத்துக்கும் சிரிப்புத்தான் வந்தது. பழக்கதோஷம், போகட்டும் என்று விட்டார்.

ஊத்துப்பட்டிப் பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. இடைவேளையில் அவர்கள்தான் முன்னிலை. ஜெசிந்தாவுக்கு மூச்சு இரைத்தது, முகமெல்லாம் மண், ஆனால் அப்படி ஒரு பிரகாசம். "மேடம், இதுதான் மேடம் ஆட்டம்," என்றாள். மேடம் மனதுக்குள் ஒப்பந்தத்தைக் கிழித்தே போட்டுவிட்டார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். ஊத்துப்பட்டியின் நல்ல ரெய்டர், செண்பகவல்லி என்று ஒரு சின்னப் பெண், பாடி வந்தாள். ஜெசிந்தா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். பிடி சுத்தமான பிடி, குற்றமே சொல்ல முடியாது. ஆனால் விழுந்த விழுகையில் கால் மடங்கிப்போனது. செண்பகவல்லி யாரையும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். மாரிக்கனி அவளைத் தாங்கிப்போய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். இனி அவள் உள்ளே வர முடியாது. ஊத்துப்பட்டி ஆறு பேராக நின்றது.

மேடம் கோட்டோரத்தில் நின்றார். வாய் திறக்கக் கூடாது, அவளாக வரட்டும். வா ஜெசிந்தா. வந்துரு பிள்ள.

ஜெசிந்தா செண்பகவல்லி இருந்த மூலையைப் பார்த்தாள். அங்கே ஆள் இல்லை. அவள் கண் மின்னியது. நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு நேராக அந்த ஓட்டைக்குள் புகுந்தாள். ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்த ரெய்டில் மிச்சத்தையும் வாரினாள். ஆட்டம் முடிந்தது. கடல்விளக்குப் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். எழுந்து, வரிசையாக, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சிரித்தார்கள்.

யாரும் கை தட்டவில்லை. டீக்கடைக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயதானவர், பழைய இறுதி ஆட்டங்களையெல்லாம் பார்த்தவர்.

மேடம் பஸ்ஸிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். செண்பகவல்லியின் கால் வீங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு நம்ம பஸ்லயே போயிரலாம் மாரி," என்றார். பிறகு, வெட்கத்தை விட்டு, "மாசம் ஒருக்கா இப்படி வச்சுக்கிடுவோமா? பழையபடி..." என்று இழுத்தார்.

மாரிக்கனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மேடத்துக்குத் தேவலை.

"வேண்டாங்க்கா. பழைய கதையெல்லாம் இதுகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் வளத்திருக்கேன். இந்தப் பிள்ள அடிபட்டு வந்து உக்காந்துச்சுல்ல, வலியிலயும் நகந்து உக்காந்துச்சு, பாத்தீகளா? பக்கத்துல உங்க பிள்ள வரும்னு இடம் விட்டுச்சுக்கா. வரலைன்ன உடனே, 'இவங்கதான் நீங்க சொன்ன கடல்விளக்கா டீச்சர்'னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

செண்பகவல்லிக்குப் பெரிய பழுதில்லை, சதைப் பிடிப்புத்தான் என்றார் டாக்டர். ஆட்டோவில் கூட்டிப்போய்க்கொள்கிறோம் என்று மாரிக்கனி சொல்லிவிட்டாள். திரும்பி வருகிற வழியில் பஸ்ஸில் பாட்டும் கூத்துமாக இருந்தது. ஜெசிந்தா மட்டும் முன்னால் எழுந்து வந்தாள்.

"ஏன் மேடம் யாருமே சந்தோசப்படலை? நான் தப்பா ஆடினேனா?"

"இல்லட்டி. நீ சரியாத்தான் ஆடின."

"பெறவு ஏன் உங்க மூஞ்சி இப்படி இருக்கு?"

மேடம் சொன்னார். துணைக்கு உட்கார்கிறது என்றால் என்ன, யார் உட்கார்வார்கள், ஏன் உட்கார்வார்கள், செண்பகவல்லி ஏன் நகர்ந்து உட்கார்ந்தாள், நவநீதன் எதைக் கேட்டு வந்தான் என்பதெல்லாம். ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்த பிரகாசம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அப்ப என் நிழலுக்கு இது தெரிஞ்சிருக்கு," என்றாள்.

"ஆமா."

"அந்தக் கம்பெனிக்கார அண்ணனுக்கும் சொல்லிருக்கீங்க."

"அவன் கேட்டான்டி..."

"எங்ககிட்ட ஒரு நாளும் சொல்லலையே மேடம். லீக்ல ஒண்ணுன்னா மைதானம் அதிரக் கத்துவீங்க. இன்னைக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தா நான் வந்து உக்காந்திருப்பேன்லா?"

உண்மைதானே? முன்பின் தெரியாத ஒருவனுக்கு ஒரே மதியத்தில் நடித்துக் காட்டிச் சொன்னதை, இத்தனை வருடம் தன் கையில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ரத்தத்தில் வரும் என்று இருந்துவிட்டார். ரத்தத்தில் எது வரும்? சொல்லிக் கொடுத்தது வரும், இல்லையென்றால் கத்திக் கொடுத்தது வரும். அவர் கத்திக் கொடுத்ததுதான் இன்றைக்கு மண்ணில் ஆடியது.

"அந்த நிழல் ஆட்டத்தை எங்களுக்குக் காட்டுங்க மேடம்," என்றாள் ஜெசிந்தா. "நான் எப்படிப் போயி உக்காருதேன்னு நானே பாக்கணும். பழைய ஆட்டமும் பாக்கணும். பாத்துட்டு அந்தப் பிள்ளகிட்ட நான் நேர்ல போயி மன்னிப்புக் கேக்கேன். இன்னொரு மேட்ச் ஆடச் சொல்லிக் கெஞ்சுதேன்."

மேடத்துக்கு உயிர் வந்தது. இது போதும், இது ஒன்று போதும். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நவநீதனைக் கூப்பிட்டார். முதல்வர் அறைக்கு வெளியே, வராந்தாவில் நின்றுகொண்டுதான் பேசினார். தூரத்தில் புங்கமரத்தடியில் டீமே காத்திருந்தது.

"தம்பி, அந்த ஆட்டம் வேணும். எங்க பழைய படங்களும் வேணும். பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"அடடா," என்றான் நவநீதன். நல்ல செய்தி சொல்கிறவன் குரலில்தான் தொடர்ந்தான். "அந்தப் பிரச்சினை முடிஞ்சிருச்சு மேடம். நான் திரும்பின அன்னைக்கே எடுத்துட்டோம்."

"எதை எடுத்தீங்க?"

"துணைக்கு உட்கார்றதை. முன்னாடி எதைத் தேடணும்னே தெரியாம முட்டிக்கிட்டிருந்தோம். நீங்க சொன்னதும் எல்லாமே பிடிபட்டுடுச்சு. யார் உட்காருவாங்க, எப்போ, நிஜ வலியா நடிப்பான்னு எதைப் பார்க்கணும், எல்லாம். ஓடி முடிஞ்ச நிழல் ஆட்டங்களையும் திருத்தி மாத்தியாச்சு. நீங்க கொடுத்த பழைய படங்கள்ல அந்த இடம் வர்றதை எல்லாம் கழிச்சுட்டோம். இல்லாட்டி மெஷின் மறுபடி கத்துக்கும் பாருங்க."

"மூலப் படம் இருக்கும்லா தம்பி?"

"வச்சுக்கறதில்ல மேடம். அதுதான் மூலம், அதைத்தான் திருத்தினோம்." அவன் கொஞ்சம் தயங்கினான். "நீங்க அவ்வளவு தெளிவாச் சொன்னீங்க மேடம். எங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலை. டீம்ல எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். மேடம் மக்ரூன் பெட்டி வேறு கொடுத்து அனுப்பியிருந்தார். போனை வைத்துவிட்டு மாரிக்கனியைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் அப்படியே.

உள்ளே சிஸ்டர் காத்திருந்தார். காட்டுவதற்குப் படம் இல்லை, ஆடுவதற்கு எதிர் டீம் இல்லை. எதை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்வது? பணம் நின்றால் வெளியே போகப்போகிற பிள்ளைகளில் அந்தப் புங்கமரத்தடியில் நிற்கிறவர்களும் இருந்தார்கள். அமலோற்பவம் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் அவர் தோளைத் தொட்டார்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் முன்னால் ஜெசிந்தா.

"படம் கிடைச்சுதா மேடம்?"

"இல்லட்டி. எல்லாத்தையும் அழிச்சுட்டானுவ."

ஜெசிந்தா தன் போனை நீட்டினாள். பெருந்திரை காலையில் போட்டிருந்த அறிவிப்பு. கடல்விளக்கு அணியின் சில ஆட்டங்களில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது, வருந்துகிறோம் என்றிருந்தது.

"மெஷின் கோளாறுன்னுல்லா போட்டிருக்கான்," என்றாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. நம்ப வேண்டும் என்கிற ஆசையோடுதான் கேட்டாள். "பஸ்ல நீங்க சொன்னது நெசமாவே நடந்ததா மேடம்? இல்ல, எங்க மனசு கேக்கட்டும்னு சொன்னீங்களா?"

"நடந்ததுட்டி," என்றார் மேடம்.

"சரி மேடம்," என்றாள் ஜெசிந்தா. வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் போனார்கள்.